நாகைத் தொகுதியின் தேர்தல் வரலாறு

ஓர் ஊரின் பெயரைத் தாங்கிய தொகுதி அவ்வூரின் குரலையே தாங்கி நிற்கும் என எண்ணுதல் இயல்பு. நாகப்பட்டினம் நாடாளுமன்றத் தொகுதியின் வரலாற்றை ஆராயப் புகுவார் முதற்கண் விலக்கவேண்டிய எண்ணம் இதுவேயாகும். பெயர் பட்டினத்தினுடையது, வாக்கு கழனியினுடையது. 1957 முதல் 2024 வரை நடைபெற்ற 17 பொதுத்தேர்தல்களிலும் ஓர் இடைத்தேர்தலிலும் இத்தொகுதியின் முடிவை வரையறுத்தது கடற்கரையன்று. காவிரியின் கடைமடையில், வெண்ணாறும் வெட்டாறும் ஓடம்போக்கியும் கிளைத்துத் தேயும் நெல்வயற் பரப்பே என்பது நம் கருத்து. இக்கருத்தை நிறுவுதற்கும், இதற்கு மாறாக அறிஞர் சிலரும் செய்தித்தாள்களும் வழங்கிவரும் இருவேறு எளிய விளக்கங்களை ஆராய்தற்கும் இக்கட்டுரை எழுந்தது.

பட்டினத்திற்கும் அதன் உள்நாட்டிற்கும் உள்ள தொடர்பு நேற்று அமைந்ததன்று. முதலாம் இராசராசன் காலத்தில் கடாரத்தரையன் நாகையில் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு நிவந்தமாக விடப்பட்ட ஊர் ஆனைமங்கலம். அவ்வூர் கீழ்வேளூரை அடுத்த நெல்விளை நிலம். ஏறத்தாழ 8,900 கலம் நெல் ஆண்டுதோறும் அவ்வூரிலிருந்து விகாரத்திற்குச் சென்றதை லெய்டன் பெருஞ்செப்பேடு கூறுகிறது. பிடி சூழ்ந்து எல்லை வகுத்த அதிகாரிகளின் பெயர்களையும் சபையோர் பெயர்களையும் விரிவாகக் கூறும் அச்செப்பேடு, அந்நெல்லை விளைவித்தோர் யாவரெனப் பெயர் சுட்டிற்றிலது. கடல் கடந்து வந்த அரசனின் கோயில் கழனியை உண்டு வாழ்ந்தது. கழனியில் உழைத்தவன் ஏட்டில் இடம் பெறவில்லை. அவ்வுழைப்பாளியின் வழிவந்தோர் முதன்முறையாக ஏட்டில் ஏறியது 20-ஆம் நூற்றாண்டின் வாக்காளர் பட்டியலில்தான் என்று கூறினும் பெரிதும் பிழையாகாது.

தேர்தல் வரலாறு எழுதுவோர் உத்தரமேரூர்க் குடவோலையிலிருந்து தொடங்குதல் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. முதற் பராந்தகன் காலத்து அக்கல்வெட்டுகள் பெருமைக்குரியனவே, ஐயமில்லை. ஆயினும் குடவோலை என்பது குடத்திலிட்ட ஓலையைச் சிறுவன் ஒருவன் எடுக்கும் திருவுளச்சீட்டு முறை. பலர் கூடித் தம் விருப்பத்தை எண்ணிக்கையால் உணர்த்தும் முறையன்று. மேலும், கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையோர் பெயரே ஓலையில் எழுதப்பெறும் என்னும் விதி அதில் உண்டு. நிலமற்றவன் அக்குடத்தின் வாயைக்கூடக் கண்டிரான். ஆகவே, நிலமற்றோர் வாக்கால் வரலாறு கண்ட நாகைத் தொகுதிக்கு முன்னோடி தேடி உத்தரமேரூர் செல்லுதல் வழிமாறிச் செல்லுதலேயாகும்.

பிரித்தானியர் ஆட்சியின் இறுதிக் காலத்திலும் நிலை பெரிதும் மாறியதில்லை. 1937, 1946 ஆம் ஆண்டுத் தேர்தல்களில் சொத்து, வரி, கல்வி ஆகியவையே வாக்குரிமைக்கு அளவுகோல்களாக இருந்தன. கீழைத் தஞ்சையின் பண்ணையாட்களுட் பெரும்பாலோர்க்கு வாக்கு என்பது கேள்விப்படாத பொருள். மிராசுதாரின் களத்தில் அளந்த கூலிநெல்லும், தவறு செய்தார் எனக் கருதப்பட்டோர்க்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் இருந்த காலம் அது. 1943-இல் அப்பகுதிக்கு வந்த பி. சீனிவாசராவ் தென்கன்னடப் பகுதியிற் பிறந்தவர். தமிழைப் பின்னர்க் கற்றவர். அவர் மன்னார்குடியை அடுத்த தென்பரையில் தொடங்கிய விவசாயிகள் சங்கம் சில ஆண்டுகளிலேயே ஊர்தோறும் கிளைத்தது. அவர் 1961-இல் மறைந்தார். அவர் எந்தத் தேர்தலிலும் நாகையிலிருந்து நாடாளுமன்றத்திற்குச் சென்றவரல்லர். எனினும் இத்தொகுதியின் வரலாற்றை அவர் பெயரின்றி எழுதுதல் இயலாது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தை இராசாசி அரசு கொண்டுவந்ததும் அச்சங்கத்தின் அழுத்தத்தாலேயே என்பது பலரும் ஒப்பும் செய்தி.

1952-ஆம் ஆண்டின் முதற் பொதுத்தேர்தலில் மாயூரம் இரட்டைத் தொகுதியிலிருந்து பொதுவுடைமைக் கட்சியினரான கே. அனந்தன் நம்பியார் தேர்ந்தெடுக்கப்பெற்றார். இவர் பொன்மலை இரயில்வேத் தொழிலாளர் தலைவர். ஈண்டு ஒரு செய்தி நினைவுகூரத்தக்கது. தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை முன்னர் நாகையில் இருந்தது. 1861-இல் இருப்புப்பாதை கடலோரத்திலிருந்தே தஞ்சை நோக்கிச் சென்றது. 1920களின் இறுதியில் அப்பணிமனை பொன்மலைக்குப் பெயர்ந்தது. பட்டினம் தன் தொழிலாளர் கூட்டத்தைப் பொன்மலைக்கு அனுப்பியது. மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற கப்பல்களில் மேலும் பலரை அனுப்பியது. எஞ்சிய நகர் வணிகர், வழக்கறிஞர், அலுவலர், மீனவர் ஆகியோரின் நகர். நாடாளுமன்றத் தேர்தலில் அந்நகர் தனித்த ஆற்றலாக எழாமைக்கு இப்பெயர்ச்சியும் ஒரு காரணம் எனக் கொள்ள இடமுண்டு.

நாகப்பட்டினம் என்னும் பெயரால் நாடாளுமன்றத் தொகுதி 1957-இல் தேர்தல் கண்டது. அதுவும் இரட்டைத் தொகுதி; வாக்காளர் ஒவ்வொருவர்க்கும் இரண்டு வாக்கு. காங்கிரசின் கே. ஆர். சம்பந்தமும் எம். அய்யாக்கண்ணுவும் வென்றனர். இரட்டைத் தொகுதி முறை 1961-இல் ஒழிக்கப்பெற்றபின், 1962-இல் காங்கிரசின் கோபாலசாமி தென்கொண்டார் வென்றார். பின்னர்த் தனித்தொகுதி என்னும் நிலையை எய்திய நாகை இன்றளவும் அந்நிலையிலேயே உள்ளது. காங்கிரசின் இத்தொடக்க வெற்றிகளுக்கு நாட்டு விடுதலையின் ஒளி ஒரு காரணம். 1930-இல் இராசாசி தலைமையில் உப்பு அறப்போர் நிகழ்ந்த வேதாரணியம் இப்பகுதியைச் சார்ந்தது என்பதை மறத்தலாகாது. நிலவுடைமையாளர் செல்வாக்கு மற்றொரு காரணம்.

1967-ஆம் ஆண்டு முடிவு தனித்து நோக்கத்தக்கது. சென்னை மாநிலம் முழுதும் காங்கிரசு வீழ்ந்த ஆண்டு அது. 39 இடங்களுள் மூன்றே அதற்குக் கிட்டின. அம்மூன்றனுள் ஒன்று நாகை. வி. சாம்பசிவம் வென்றார். சங்கத்தின் வலிமை மிக்க இப்பகுதியில் இஃது எங்ஙனம் நிகழ்ந்தது? 1964-இல் பொதுவுடைமைக் கட்சி இரண்டாகப் பிளந்தது. மார்க்சியக் கட்சி அண்ணாவின் அணியில் நின்றது. மற்றைய கட்சி அவ்வணிக்கு வெளியே நின்றது. கழனியின் வாக்குச் சிதறியபோது, வேறிடங்களில் தோற்ற கட்சி ஈண்டு வென்றது எனக் கருதுதல் பொருந்தும். கடைமடையின் ஆற்றலை அது வென்ற ஆண்டுகளினும் அது பிளந்த இவ்வாண்டே நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது என்பது நம் துணிபு.

இனி, 1968 திசம்பர் 25-ஆம் நாள் இரவு நிகழ்ந்த கீழ்வெண்மணிக் கொடுமையைக் கூறாது மேற்செல்லுதல் இயலாது. கூலி உயர்வு கேட்டும் செங்கொடி இறக்க மறுத்தும் நின்ற ஊரில், ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் பெண்டிரும் சிறாரும் முதியோருமாவர். அனைவரும் தாழ்த்தப்பட்ட குடியினர். வழக்கு நாகை நீதிமன்றத்தில் நடந்தது. 1970-இல் நில உடைமையாளர் சிலர் தண்டிக்கப்பட்டனர். உயர்நீதிமன்றம் பின்னர் அவர்களை விடுவித்தது. இந்நிகழ்ச்சியைக் கருவாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ 1977-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. இலக்கிய மாணவர் அந்நாவல் வழியே வெண்மணியை அறிகின்றனர். தேர்தல் வரலாற்று மாணவர் அதனினும் ஒருபடி சென்று நோக்கவேண்டும்.

ஏனெனில், வெண்மணியின் விளைவே 1971-இல் பொதுவுடைமைக் கட்சி நாகையில் பெற்ற முதல் வெற்றி என்று எழுதுவார் பலர். நிரல்பட நோக்கின் இக்கூற்றில் ஓர் இடர்ப்பாடு உண்டு. வெண்மணித் தொழிலாளர் சார்ந்திருந்த சங்கம் மார்க்சியக் கட்சியினது. 1971-இல் வென்ற எம். காத்தமுத்து மார்க்சியக் கட்சியினரல்லர்; இந்தியப் பொதுவுடைமைக் கட்சியினர். அக்கட்சி அவ்வாண்டில் தி.மு.க.வுடனும் இந்திரா காந்தியின் காங்கிரசுடனும் ஓரணியில் நின்றது. மார்க்சியக் கட்சி அவ்வணியில் இல்லை. வெண்மணி நிகழ்ந்த காலத்து ஆட்சியிலிருந்த கட்சியே தி.மு.க. ஆகவே, குருதி சிந்திய சங்கம் ஒன்று. அதன்பின் வென்ற கட்சி மற்றொன்று. அவ்வெற்றிக்குத் தோள் கொடுத்தது ஆளுங்கட்சி. நேர்க்கோட்டில் காரணகாரியம் வரைவார்க்கு இது தடையாக நிற்கும். நாம் கொள்வது வேறு. வெண்மணி இன்ன கட்சிக்கென வாக்கைத் திருப்பவில்லை. ‘எங்கள் வாக்கு மிராசுதாருடையதன்று’ என்னும் நிலையை உறுதியாக்கியது. அங்ஙனம் விடுபட்ட வாக்கை அணிகளுள் வலியது பெற்றுக்கொண்டது. 1969-இல் வந்த விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டத்தையும் இதனோடு சேர்த்தே எண்ணுதல் வேண்டும்; ஆளுங்கட்சியும் இவ்வாக்கை இழக்க ஒருப்படவில்லை.

1977-இல் அதே கட்சியின் எஸ். ஜி. முருகையன் வென்றார், இம்முறை அக்கட்சி அ.தி.மு.க. அணியில் இருந்தது. 1979-இன் தொடக்கத்தில் அவர் படுகொலை செய்யப்பட்டார். அவ்வாண்டு நிகழ்ந்த இடைத்தேர்தலில் கே. முருகையன் அதே கட்சியின் சார்பில் தேர்ந்தெடுக்கப்பெற்றார். ஈண்டு ஆய்வாளர்க்கு ஓர் எச்சரிக்கை கூறுதல் தகும். இத்தொகுதி பெயர் மயக்கம் மிக்கது. சம்பந்தம் ஒருவர், சாம்பசிவம் ஒருவர், முருகையன் இருவர், 1989-இல் வந்த எம். செல்வராசு ஒருவர், 2024-இல் வந்த வை. செல்வராஜ் மற்றொருவர். முதலெழுத்தை விடுத்துப் படியெடுத்தால் இருவர் ஒருவராகிப் பதவிக்காலம் நீளும். ஏடு பெயர்த்தெழுதுவோர் செய்யும் பிழைகளைத் திருத்திப் பழகிய நமக்கு இது புதிய பாடமன்று. ஆயினும் அச்சேறிய பட்டியல்களையும் ஏடுபோலவே ஐயுற்றுப் படித்தல் வேண்டும்.

அதன்பின் வந்த முடிவுகளைத் தொடர்ந்து நோக்குவோம். 1980-இல் தி.மு.க.வின் தாழை மு. கருணாநிதி, 1984-இல் அ.தி.மு.க.வின் எம். மகாலிங்கம், 1989-இல் பொதுவுடைமைக் கட்சியின் எம். செல்வராசு, 1991-இல் காங்கிரசின் பத்மா, 1996, 1998 இரண்டிலும் மீண்டும் செல்வராசு, 1999, 2004, 2009 மூன்றிலும் தி.மு.க.வின் ஏ. கே. எஸ். விசயன், 2014-இல் அ.தி.மு.க.வின் கே. கோபால், 2019-இல் நான்காம் முறையாகச் செல்வராசு, அவர் 2024 மே மாதம் மறைந்தார். அவ்வாண்டுத் தேர்தலில் அதே கட்சியின் வை. செல்வராஜ் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார். கூட்டி நோக்கின் 18 தேர்தல்களுள் பொதுவுடைமைக் கட்சி 8, காங்கிரசு 4, தி.மு.க. 4, அ.தி.மு.க. 2. இத்தொகுதியின் பெண் உறுப்பினர் பத்மா ஒருவரே.

இவ்வெண்களைக் கொண்டு ‘நாகை செங்கோட்டை’ என்பார் ஒருசாரார். ‘கூட்டணி வலியே அன்றிப் பிறிதில்லை, அலை எவ்வழி, நாகை அவ்வழி’ என்பார் மற்றொரு சாரார். முதற்கூற்றை 2014 மறுக்கும். அவ்வாண்டு பெருங்கட்சி எதனோடும் சேராது இடதுசாரிகள் தனித்து நின்றனர். வெற்றி நெருங்கவும் இல்லை. கோட்டையாயின் தனித்து நின்றபோது காத்திருக்கவேண்டும். 1980, 1984, 1991, 2009 ஆகிய ஆண்டுகளும் அக்கூற்றுக்குத் துணை நில்லா. 2004-இல் அக்கட்சி தி.மு.க. அணியில் இருந்தும் இத்தொகுதி அதற்குக் கிட்டவில்லை, தி.மு.க.வே வைத்துக்கொண்டது. தோழமைக் கட்சி கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் அளவிற்கு அக்கழகம் நாகையை எளிதாக எண்ணியதில்லை. திருவாரூரும் திருக்குவளையும் அக்கழகத் தலைவர் மு. கருணாநிதியின் பிறப்போடும் இளமையோடும் பிணைந்த ஊர்கள் என்பதை நினைவிற் கொள்க.

இரண்டாங் கூற்றையோ 1989 மறுக்கும். அவ்வாண்டு அ.தி.மு.க. – காங்கிரசு அணி தமிழ்நாட்டின் 39 இடங்களுள் 38-ஐக் கைப்பற்றியது. ஆட்சியிலிருந்த தி.மு.க. ஓர் இடமும் பெற்றிலது. எஞ்சிய அவ்வோரிடம் நாகை. மாநிலம் முழுதும் ஒரு திசையிற் பாய்ந்தபோது ஒரே தொகுதி எதிர்த்து நின்றது என்றால், அதனை அலையின் கணக்கால் விளக்க முடியாது. 1998-உம் அத்தகையதே, எதிரணி 30 இடங்களை வென்ற ஆண்டில் செல்வராசு தம் இடத்தைக் காத்துக்கொண்டார். எனவே உண்மை இரண்டிற்கும் இடைப்பட்டது. கழனித் தொழிலாளரின் அமைப்பு வலிமை தானே வெற்றி தரப் போதியதன்று. ஆனால் பெருங்கட்சி ஒன்றன் வாக்கோடு அது சேருமிடத்து, வேறெங்கும் தோற்கும் அணியையும் ஈண்டு வெல்லச் செய்யும். 1991-இல் இராசீவ் காந்தியின் படுகொலையை அடுத்து எழுந்த பேரலை போன்றதொன்றே அச்சேர்க்கையை மூழ்கடித்தது. 1967-இல் சிதறியது, 1989-இல் நிலைத்தது, 2014-இல் தனித்துத் தளர்ந்தது என்னும் மூன்றையும் ஒருங்கு வைத்தாலன்றி இத்தொகுதி விளங்காது.

பட்டினம் எங்கே என்று வினவுவார்க்கு விடை கூறவேண்டும். 2008-ஆம் ஆண்டு மறுவரையறைக்குப்பின் நாகப்பட்டினம், கீழ்வேளூர், வேதாரணியம், திருத்துறைப்பூண்டி, திருவாரூர், நன்னிலம் என ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இதனுள் அடங்கின. திருவாரூரும் நன்னிலமும் கடலைக் காணாதவை. கடலைத் தொடும் ஏனையவற்றுள்ளும் நெல்வயலே மிகுதி. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர், ஆறுகாட்டுத்துறை என விரியும் மீனவர் குடியிருப்புகள் கரையோரக் கோடு போன்றவை, நீளமுண்டு, அகலமில்லை. நாகூரின் மரைக்காயர் வணிகமும் பண்டைப் பெருமையோடு நிற்பது. எண்ணிக்கை ஆளும் களத்தில் இக்கோடு பரப்பை வெல்லுதல் அரிது.

இதற்கு ஒரு துயரச் சான்று உண்டு. 2004 திசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. தமிழகக் கடற்கரை அண்மை நூற்றாண்டுகளிற் காணாத அழிவு அது. அதற்கு முன் 2004 மே மாதத்தில் தேர்ந்தெடுக்கப்பெற்றவர் விசயன். அதற்குப்பின் 2009-இல் தேர்ந்தெடுக்கப்பெற்றவரும் விசயனே. கட்சியும் அதுவே, ஆளும் அவரே. உறுப்பினர் தம் கடமையைச் செய்தார், செய்திலர் என்று தீர்ப்புக் கூறுதல் நம் நோக்கமன்று. கடற்கரையின் பேரிழப்பு, தொகுதியின் முடிவு நிரலில் ஒரு கீறலையும் ஏற்படுத்தவில்லை என்பதே நாம் சுட்டுவது. பின்னர், 2018 நவம்பரில் வேதாரணியத்தின் அருகே கரை கடந்த ‘கசா’ புயல் தென்னையையும் மாவையும் குடிசையையும் வீழ்த்தியது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஆளுங்கட்சியின் அணி ஈண்டுத் தோற்றது. ஆயினும் அவ்வணி மாநிலம் முழுதுமே தோற்றதாதலின் அதனைப் புயலின் விளைவென்று கூறத் துணியோம்.

தனித்தொகுதியாதலின் மீனவர் குடியினர் ஒருவர் இங்கு வேட்பாளராதல் இயலாது. இதனைக் குறையாக எடுத்துக்காட்டி, ஒதுக்கீடே வேண்டா என்பாரும் உளர். அதனோடு நாம் உடன்படோம். ஆனைமங்கலத்துச் செப்பேட்டில் பெயரின்றி நின்றவர் குடி நாடாளுமன்றத்தில் பெயர் பெற்றது இவ்வொதுக்கீட்டால். வெண்மணி நிகழ்ந்த மண்ணில் அதனை நீக்குக எனல் வரலாறு அறியார் கூற்று. ஆனால் கரையின் குரல் வேறொரு வழியில் ஒலிக்க இடம் வேண்டும் என்பதும் உண்மை. இவ்விரு நியாயங்களும் ஒன்றையொன்று அழிப்பனவல்ல. கட்சிகள் இதனை இதுவரை தம் பொறுப்பாகக் கொள்ளாமை வருந்தத்தக்கது.

சொல்லாராய்ச்சியில் ஈடுபட்டோர்க்கு இடைப்பிறவரலாக ஒன்று. ‘வாக்கு’ என்னுஞ் சொல் பேச்சையும் உறுதிமொழியையும் தேர்தற் சீட்டையும் ஒருங்கே குறிப்பது. ‘வாக்குக் கொடுத்தான்’ என்பது பண்ணையில் ஒரு பொருளும் வாக்குச் சாவடியில் மற்றொரு பொருளும் தரும். முன்னர் ஆண்டை வாக்குக் கொடுத்தார், ஆள் கேட்டான். 1952-க்குப்பின் ஆள் வாக்குக் கொடுத்தான், கேட்டுவந்தவர் பிறர். இச்சொற்பொருள் மாற்றத்தைக் கீழைத் தஞ்சையின் நாட்டுப்புறப் பாடல்களிலும் சங்கக் கூட்டப் பாடல்களிலும் தேடித் தொகுத்தல் தமிழ்த்துறை மாணவர் செய்யத்தக்க பணி. வரலாற்றுத் துறையார்க்கு அது கிட்டாது.

எண்களைப் பொறுத்தவரை, தொகுதி முழுமைக்குமான கூட்டுத்தொகையோடு நின்றுவிடுதல் போதாது. வாக்குச் சீட்டுகளைக் கலந்து எண்ணிய காலத்தில் ஊர்வாரியான நிலையை அறிய வழியில்லை. 2004 முதல் மின்னணு எந்திரம் எங்கும் வந்தபின், சாவடிதோறும் விழுந்த வாக்குகள் தேர்தல் ஆணையத்தின் 20-ஆம் எண் படிவத்தில் பதிவாகின்றன. அக்கரைப்பேட்டைச் சாவடிகளையும் கீழ்வெண்மணிச் சாவடியையும் ஆனைமங்கலத்துச் சாவடியையும் 2004 முதல் 2024 வரை ஐந்து தேர்தல்களுக்கும் பக்கத்திற் பக்கம் வைத்து நோக்கினால், கரையும் கழனியும் எவ்வாண்டில் ஒன்றுபட்டன, எவ்வாண்டில் வேறுபட்டன என்பது புலனாகும். அப்பட்டியலை வகுக்கும் பணியை முதுகலை மாணவர் எவரேனும் மேற்கொள்வாராயின், மேலே நாம் கூறிய கருத்துகளுள் நிற்பன நிற்கும், வீழ்வன வீழும்.